துணை நின்றவர் தலைமை ஏற்கும்போது

குறுவட்டக் கால்பந்துப் போட்டி. இடைவேளையில் எங்கள் பள்ளி அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. பிள்ளைகள் வியர்வை வழிய என்னைச் சுற்றி நின்றார்கள். நான் கணித ஆசிரியர். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது. "நல்லா ஓடுங்கப்பா, விட்டுராதீங்க" என்று மட்டும் சொன்னேன். எங்கள் கோல்காப்பாளர் பத்தாம் வகுப்பு மாணவன். தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுங்களா?"

அவன் சொன்ன அண்ணன் கோட்டுக்கு வெளியே தண்ணீர் கேனும் பந்துப் பையுமாக நின்றுகொண்டிருந்தார். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர். உடற்கல்வியில் பட்டம் பெற்றவர். எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு நான்கு ஆண்டுகள் மாலை நேரங்களில் உதவியாக இருந்தவர். ஆசிரியர் பணி ஓய்வு பெற்றதும் அணியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. "தம்பி சின்னப் பையன், கூட இருக்கட்டும். பொறுப்பு ஒரு ஆசிரியர்கிட்டயே இருக்கட்டும்" என்று முடிவானது. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது.

மாணவர்களை வெளியூருக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்பக் கூட்டிவரும் பொறுப்பு ஆசிரியருடையது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யார் எங்கே ஆட வேண்டும், யாரை மாற்ற வேண்டும் என்ற பொறுப்பையும் அதோடு சேர்த்து நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் பிழை. அன்று நான்கு கோல் வாங்கித் தோற்றோம். மேட்டுப்பாளையம் திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் யாரும் பேசவில்லை. தோல்வியை விட அந்தக் கோல்காப்பாளனின் கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது. அவன் அண்ணனிடம் பேசுவதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்ததே!

துணை நிலையில் இருக்கும் இளையவரை எப்போது, எப்படித் தலைமைக்குக் கொண்டுவருவது? அதன்பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளையாட்டு உலகில் இதற்கு நல்ல சான்றுகள் பல உண்டு. வென்றவையும் உண்டு, தோற்றவையும் உண்டு. பள்ளிகளில் இருக்கும் நமக்கு இரண்டுமே பாடம்.

கோவாவில் மூன்று ஆட்டங்கள்

2020 சனவரி இறுதி. இந்தியன் சூப்பர் லீக் பட்டியலின் உச்சிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த கோவா அணி, தன் தலைமைப் பயிற்சியாளரான ஸ்பெயின் நாட்டுக்காரர் செர்ஜியோ லோபேராவைப் பணியிலிருந்து விடுவித்தது. லீக் சுற்றில் மீதம் இருந்தவை மூன்றே ஆட்டங்கள். அந்த ஆண்டில் லீக் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கு முதன்முறையாகக் கேடயம் அறிவித்திருந்தார்கள். அதோடு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடும் வாய்ப்பும் கிடைக்கும். அதுவரை எந்த இந்திய அணிக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

இவ்வளவு பெரிய நேரத்தில் அணியை ஏற்றவர் துணைப் பயிற்சியாளராக இருந்த கிளிஃபோர்ட் மிராண்டா. வயது 37. கோவாவின் டெம்போ அணிக்கு நெடுங்காலம் ஆடியவர். பதவியின் பெயர் 'இடைக்காலப் பயிற்சியாளர்'. மூன்று ஆட்டங்களிலும் கோவா வென்றது. ஐதராபாத்துக்கு எதிராக 4–1, மும்பைக்கு எதிராக 5–2, ஜாம்ஷெட்பூருக்கு எதிராக 5–0. கேடயமும் ஆசிய வாய்ப்பும் கைக்கு வந்தன.

அடுத்து வந்த அரையிறுதியில் எதிரணி நம் சென்னையின் எஃப்.சி. சென்னையில் நடந்த முதல் ஆட்டத்தில் கோவா 1–4 எனத் தோற்றது. சொந்த ஊரில் 4–2 என்று வென்றும், மொத்தக் கணக்கில் 5–6 என ஒரே கோலில் வெளியேறியது. பருவம் முடிந்ததும் கோவா நிர்வாகம் இன்னொரு ஸ்பெயின் பயிற்சியாளரை அழைத்துவந்தது. மிராண்டா மீண்டும் துணைப் பயிற்சியாளர் ஆனார்.

இதே கதை இன்னொரு முறையும் நடந்தது. 2023இல் ஒடிசா அணியில் இடைக்காலப் பொறுப்பு. அந்த ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை 2–1 என்று வென்று, ஒடிசாவுக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். அதன்பின் ஒடிசா நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது யாரைத் தெரியுமா? முன்பு கோவா விடுவித்த அதே லோபேராவை. மிராண்டா கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார். 2025இல்தான் ஒரு சூப்பர் லீக் அணி அவரை 'இடைக்காலம்' என்ற அடைமொழி இல்லாமல் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. அந்த அணி, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவரை அரையிறுதியில் வெளியேற்றிய சென்னையின் எஃப்.சி.

'பொறுப்பு' என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் சுமந்து வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வேலை முழுவதும் உண்டு, பெயர் பாதிதான். வென்றால் "அணி நல்ல அணி" என்பார்கள், தோற்றால் "அனுபவம் போதாது" என்பார்கள்.

காலித் ஜமீல் காட்டும் இரு பக்கம்

இன்றைய இந்திய அணியின் பயிற்சியாளர் காலித் ஜமீல், 2009இல் மும்பை எஃப்.சி. அணியின் தலைமைப் பயிற்சியாளரானபோது அவருக்கு வயது 32. ஆட்டக்காரராக இருந்த அணியிலேயே பயிற்சியாளரானவர். ஏழு பருவங்கள் அந்தச் சிறிய அணியை நடத்தினார். பெரிய கோப்பைகள் எதுவும் வரவில்லை. தொழிலை அங்கேதான் கற்றார். பிறகு மிசோரமின் ஐசால் அணிக்குப் போய், 2017இல் ஐ–லீக் பட்டத்தை வென்றார். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் அணி அது.

அதன்பின்னும் அவர் துணைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரத் தயங்கவில்லை. நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியில் துணைப் பொறுப்பில் இருந்தபோது, 2021 சனவரியில் தலைமைப் பயிற்சியாளர் விடுவிக்கப்பட்டார். இடைக்காலப் பொறுப்பேற்ற காலித், மீதமிருந்த லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அணியை அரையிறுதிக்குக் கொண்டுசேர்த்தார். அடுத்த பருவத்துக்கு அவரையே நிரந்தரமாக நியமித்தார்கள். சூப்பர் லீக்கில் அப்படி நிரந்தரமாக நியமிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்.

அந்தப் பருவத்தில் அணி பதினோரு அணிகளில் பத்தாம் இடம் பிடித்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். அதே ஆள், அதே சங்கம். ஓர் ஆண்டில் அரையிறுதி, மறு ஆண்டில் கடைசிக்கு முந்தைய இடம். பருவத்தின் நடுவில் பொறுப்பேற்பவர், வேறொருவர் கட்டிய வீட்டில் விளக்கேற்றுகிறார். அடுத்த பருவத்தில் அவரே வீட்டைக் கட்ட வேண்டும். ஆட்களைச் சேர்ப்பது, பயிற்சியைத் திட்டமிடுவது, காயம்பட்டவர்களுக்கு மாற்று தேடுவது ஆகிய அத்தனையும் அவர் தலையில். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்றில் வென்றவர் மற்றதையும் முதல் ஆண்டிலேயே வெல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. காலித் அங்கே ஓய்ந்துவிடவில்லை. ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய் நல்ல பெயர் எடுத்தார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவர் கைக்கு வந்தது.

முன்கூட்டியே சொன்ன ஜெர்மானியர்கள்

மேற்சொன்ன இரண்டு கதைகளிலும் மாற்றம் திடீரென்று வந்தது. ஒருவர் போனார், பக்கத்தில் இருந்தவர் ஏறினார். ஜெர்மனியின் ஹோஃபென்ஹைம் சங்கம் வேறு வழியை நினைத்தது. 2015 அக்டோபரிலேயே ஓர் அறிவிப்புச் செய்தது: எங்கள் இளையோர் அணியின் பயிற்சியாளர் யூலியான் நாகல்ஸ்மான், அடுத்த ஆண்டுக் கோடையில் முதன்மை அணியை ஏற்பார். முழங்கால் காயத்தால் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட்டவர் அவர். அப்போதும் உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் 2016 பிப்ரவரியில் அப்போதைய பயிற்சியாளர் உடல்நலக் காரணங்களால் விலகினார். கோடை வரை காத்திருக்க முடியவில்லை. 28 வயதில் நாகல்ஸ்மான் பொறுப்பேற்றார். புந்தஸ்லீகா வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் நிரந்தரப் பயிற்சியாளரானவர் அதற்கு முன் இல்லை. பதினெட்டு அணிகளில் பதினேழாவது இடத்தில் இருந்த அணி, கீழ்நிலைக்குத் தள்ளப்படாமல் தப்பியது. அடுத்த ஆண்டு நான்காம் இடம். அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் இடம்.

நாகல்ஸ்மானின் திறமையைப் பலரும் புகழ்கிறார்கள். சங்கம் செய்த முன்னேற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நெருக்கடி வருவதற்கு முன்பே அடுத்தவர் யார் என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், ரசிகர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நாள் முன்கூட்டி வந்தபோது மனம் தயாராக இருந்தது.

அமெரிக்கக் கல்லூரியில் ஒரு பொறுமை

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபுட்பால்' என்று ஆடுவது நம் கால்பந்து அல்ல. நீள்முட்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமான ஆட்டம். அங்கே கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி மிகப் பெரியது. 2008 அக்டோபரில், தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக அணியில் பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் விலகினார். துணைப் பயிற்சியாளர்களில் ஒருவரான டாபோ ஸ்வின்னியை இடைக்காலமாக நியமித்தார்கள். வயது 38. அதுவரை எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அந்த ஆண்டு இறுதியில் நிரந்தரமாக்கினார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 2010இல், அணி ஆறு வெற்றி ஏழு தோல்வி என்று சரிந்தது. அங்கே ஒரு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்ப அது போதுமான காரணம். பல்கலைக்கழகம் அனுப்பவில்லை. அந்தப் பொறுமைக்குப் பலன் 2016, 2018 ஆகிய பருவங்களில் தேசியப் பட்டங்களாக வந்தது.

எங்கே சறுக்குகிறது?

இந்தக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

துணைப் பயிற்சியாளர் ஒரு பாலம். ஆட்டக்காரர் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார். கணுக்கால் வலி, வீட்டுச் சண்டை, பயம் எல்லாம் அவர் காதுக்கு முதலில் வரும். தலைமைக்கு உயர்ந்ததும் அந்தப் பாலம் இல்லாமல் போகிறது. நேற்று தோளில் கைபோட்டவர் இன்று அணிப் பட்டியல் எழுதுகிறார். பட்டியலில் இல்லாத பையனுக்கு அண்ணன் திடீரென்று 'சார்' ஆகிவிடுகிறார். ஆகவே ஒருவரை உயர்த்தும்போது அவர் விட்டுப்போன இடத்தில் இன்னொருவரை வைக்க வேண்டும். உயர்த்தியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

தகுதி இன்னொன்று. 'சும்மா ஆடத் தெரியும்' என்பது பயிற்றுவிக்கும் தகுதி ஆகாது. கால்பந்துப் பயிற்சிக்கு 'டி', 'சி', 'பி', 'ஏ', 'புரோ' என்று படிப்படியான உரிமங்கள் உண்டு. மிராண்டாவும் காலித்தும் துணை நிலையில் கழித்த ஆண்டுகள் காத்திருப்பு மட்டுமல்ல, கற்றலும்கூட. பி.எட். படித்து, கற்பித்தல் பயிற்சிக்குப் போய், மூத்த ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நமக்கு இது புதிதல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது அதிகாரம். வேலையைக் கொடுப்பது வேறு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பது வேறு. வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவு வரும்போது தட்டிக்கேட்டால், அவர் துணை நிலையிலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை என்று பொருள்.

எங்கள் பள்ளிக்கு வந்த சோதனை

இதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். அந்தத் தோல்விக்கு அடுத்த ஆண்டு, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பயிற்சிப் பொறுப்பை முழுவதுமாக அந்தத் தம்பியிடம் கொடுத்தோம். அழைத்துச் செல்வதும் பதிவேடுகளும் என் பொறுப்பு. அணித் தேர்வும் ஆட்டமும் அவர் பொறுப்பு. காலை இறைவணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதை எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்.

மூன்றாவது வாரமே சோதனை வந்தது. எங்கள் அணியின் சிறந்த முன்கள ஆட்டக்காரன் தொடர்ந்து நான்கு நாள் பயிற்சிக்கு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. தம்பி அவனை முதல் ஆட்டத்துக்கான பதினொருவரில் சேர்க்கவில்லை. மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்துவிட்டார். "ஏனுங்க சார், பொடிப் பையன் ஒருத்தன் சொல்றதுக்கு எம் பையன உக்கார வெப்பீங்களா?" என்றார். ஆசிரியர் அறையிலும் இரண்டு கருத்து. முதல் ஆட்டத்தில் தோற்றால் ஆண்டே போச்சு என்றார்கள் சிலர். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஒரு தடவ விட்டுக் குடுத்துரலாமே" என்று சொல்ல வாயெடுத்தேன். கோல்காப்பாளனின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

தலைமையாசிரியர் அந்தத் தந்தையை உட்காரவைத்து, டீ கொடுத்து, "அணி விஷயத்துல அவர் முடிவுதாங்க. நாங்க தலையிடறதில்ல" என்று பக்குவமாகச் சொன்னார். அந்த மாணவன் அன்று வெளியே உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தை 1–0 என்று வென்றோம். அடுத்த சுற்றில் பெனால்ட்டியில் தோற்றோம். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் மறுவாரம் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றவன் அந்த முன்கள ஆட்டக்காரன்தான். ஒருவேளை அந்த முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் முடிவு சரியான முடிவுதான். இதை நான் இப்போது தயக்கமின்றிச் சொல்வேன்.

நம் பள்ளிகளில் என்ன செய்யலாம்?

பள்ளி என்பதும் ஓர் அணிதான். உதவித் தலைமையாசிரியர், புதிதாக வந்த ஆசிரியர், பாடப் பொறுப்பாளர், மகிழ் முற்றம் குழுக்களின் மாணவத் தலைவர்கள் என்று எத்தனையோ பேர் துணை நிலையில் நிற்கிறார்கள். நான் கற்றவற்றில் சிலவற்றைப் பகிர்கிறேன்.

1. அடுத்தவர் யார் என்பதை முன்பே தீர்மானியுங்கள். ஆண்டு விழாவோ அறிவியல் கண்காட்சியோ, இந்த ஆண்டு நடத்துபவரோடு அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவரும் முதல் நாளிலிருந்து உடன் இருக்கட்டும்.

2. சிறிய முழுப் பொறுப்பைக் கொடுங்கள். பெரிய வேலையில் பாதியைக் கொடுப்பதைவிடச் சிறிய வேலையை முழுதாகக் கொடுப்பது நல்லது. ஒரு நாள் காலைக் கூட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் விட்டுப் பாருங்கள்.

3. எல்லார் முன்னிலையிலும் அறிவியுங்கள். காதோடு காதாகச் சொன்ன பொறுப்பை யாரும் மதிப்பதில்லை.

4. எது அவர் முடிவு, எது உங்கள் முடிவு என்று முன்பே எழுதிவையுங்கள். மாணவர் பாதுகாப்பு, பணம், பதிவேடு ஆகியவை ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் இருக்க வேண்டியவை. மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.

5. தவறைத் தனியே பேசுங்கள். மைதானத்தின் நடுவில் திருத்தினால் அவர் பேச்சுக்கு மறுநாள் மதிப்பிருக்காது.

6. காலம் கொடுங்கள். ஒரு தேர்வு முடிவையோ ஓர் ஆட்டத்தையோ வைத்து அளக்காதீர்கள். குறைந்தது ஓராண்டாவது பாருங்கள்.

7. மூத்தவரை மறக்காதீர்கள். ஓய்வு பெற்ற எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இன்றும் சில மாலைகளில் வந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காருவார். கேட்டால் சொல்வார், கேட்காமல் சொல்ல மாட்டார். தலைமை மாறிய பின் மூத்தவர் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.

வயதும் பணிமூப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு விதிகள் உண்டு, அவை காரணத்தோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு பள்ளியில் அன்றாடம் நடக்கும் நூறு வேலைகளில், யாரிடம் எதைக் கொடுப்பது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அங்கே 'சின்னப் பையன்' என்ற ஒரே சொல்லால் கதவை மூடிவிடக்கூடாது.

2019 மார்ச் 9 அன்று, கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி ஐ–லீக் பட்டத்தை வென்ற ஆட்டத்தை எங்கள் மாணவர்கள் சிலரோடு போய்ப் பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிய அணி, இடைவேளைக்குப் பின் மூன்று கோல் அடித்து வென்றது. அந்த இடைவேளையில் உள்ளே பயிற்சியாளர் அகபர் நவாஸ் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கும் இப்போது தெரியும். இடைவேளை மணி அடித்ததும் அவர்கள் நேராகத் தம்பியிடம் ஓடுகிறார்கள். தண்ணீர் கேனை நான் எடுத்துப் போகிறேன்.